முசலிக் கரையின் ஆமை

இலங்கையின் வடமேற்குக் கரையைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் முத்தைப் பற்றியே எழுதினார்கள். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்ற எங்கள் ஊர்ப் பெயர்கள் ஆங்கில நூல்களில் ஏறியதே முத்துக்குளிப்பின் தயவினால்தான். முத்து முடிந்ததும் எழுதியவர்களும் போய்விட்டார்கள். அதே கரையில், முத்துக்குளிப்புக்கு முன்னரும் வாழ்ந்து பின்னரும் வாழ்ந்துவருகின்ற ஓர் உயிரினம் உண்டு. நான் தேடிப் படித்த நூல்களில் அதற்கு இரண்டொரு வரிகளுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. உயிரியல்காரர்கள் அதனை நட்சத்திர ஆமை என்பர். ஊரில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. கடலில் இருப்பது கடலாமை, குளத்தில் இருப்பது பாலாமை, பற்றைக்குள் இருப்பது வெறும் ஆமை. அவ்வளவுதான்.

நான் வரலாற்றுப் பாடம் படிப்பிப்பவன். விலங்கியல் எனது துறையன்று. ஆயினும் முசலிப் பிரதேசத்தின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்ல முற்பட்டபோது இந்த ஆமை பல இடங்களில் குறுக்கே வந்தது. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் பழைய செய்திகளைப் பார்ப்போம். கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரையக் கடல் வழிகாட்டி' என்ற நூல் இலங்கையிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கூறுகையில் முத்து, மணிக்கற்கள், மென்துணி ஆகியவற்றோடு ஆமையோட்டையும் சேர்த்துச் சொல்கிறது. அதே நூற்றாண்டில் எழுதிய றோமர் பிளினி ஒரு படி மேலே போகிறார். தப்ரபேனில் பிடிபடும் ஆமைகள் மிகப் பெரியவையாம்; ஓர் ஓட்டினடியில் ஒரு குடும்பமே குடியிருக்கலாமாம். இதே பிளினிதான் செங்கடலில் வரி அறவிடும் உரிமை பெற்றிருந்த அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றினால் அடிபட்டு ஹிப்புரோஸ் என்ற இலங்கைத் துறையில் ஒதுங்கிய கதையையும் சொல்கிறார். ஹிப்புரோஸ் என்பது எங்களுக்குத் தெற்கேயுள்ள குதிரைமலை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. குதிரைமலையின் செம்மண் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு, தூரக் கடலில் வரும் கப்பல்காரன் கண்ணில் அது படாமல் போகாது என்பது விளங்கும்.

ஒரு வீட்டுக்குக் கூரையாகக் கூடிய ஆமையோடு எந்தக் கடலிலும் இருந்ததில்லை. வியாபாரிகள் தூரதேசத்துப் பொருளின் விலையை ஏற்றச் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று என்றே நான் கொள்கிறேன். ஆனால் கதையின் அடியில் ஒரு மெய் கிடக்கிறது: எங்கள் கடலாமையின் ஓட்டுக்கு மேற்கே சந்தை இருந்தது. அது அழுங்காமையின் ஓடு. தரையாமையின் ஓட்டை அவ்வாறு தகடு தகடாகக் கழற்றிச் சீப்புச் செய்ய முடியாது. பிற்காலத்தில் காலித் துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்கு எமது சோனக வியாபாரிகள் விற்ற ஆமையோட்டுப் பெட்டிகளும் சீப்புகளும் கடலாமையிலிருந்து வந்தவையே.

அந்த மாலுமி நூல் இன்னொரு விடயமும் சொல்கிறது. சொகொத்ராத் தீவில் கடலாமை, தரையாமை, மலையாமை எனப் பலவகை உண்டென்றும், மலையாமையின் ஓடு மிகத் தடித்தது என்றும், அதனை வெட்டிப் பேழைகளும் தட்டுகளும் செய்வர் என்றும் அது குறிப்பிடுகிறது. இன்று சொகொத்ராவில் தரையாமை கிடையாது. மொரீசியஸ், றீயூனியன், றொட்றிகேஸ் தீவுகளில் ஆளைச் சுமக்கக்கூடிய பேராமைகள் இருந்தன. ஐரோப்பியக் கப்பல்கள் அவற்றை உயிரோடு அடுக்கிக்கொண்டு போய், நடுக்கடலில் ஒவ்வொன்றாக அறுத்துத் தின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அங்கே அவை இல்லாமல் போயின. இந்துசமுத்திரத்தின் கரைகளில் தரையாமையின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கிறது. எங்கள் ஆமை தப்பியமைக்குக் காரணம் அதன் சிறுமை. ஓடு விலைபோகாது, இறைச்சி ஒரு சட்டிக்குக் காணாது, எந்தக் கப்பலும் அதைத் தேடி நங்கூரம் போடவில்லை.

எங்கள் சமூகத்தைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம் மத்ஹபின் வலுவான கருத்துப்படி ஆமை உண்ணத்தக்கதன்று. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இமாம் தமீரீ, விலங்குகளின் வாழ்வு குறித்து அகராதி போலத் தொகுத்த 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூலில் தரையாமைக்கு வேறாகவும் கடலாமைக்கு வேறாகவும் தலைப்பிட்டு எழுதியிருக்கிறார். அவரும் ஷாபிஈ அறிஞரே. ஓர் உயிரின் பெயர், குணம், அதைப் பற்றிய பழமொழி, அதன் சட்டநிலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் அந்த முறை எனக்குப் பிடித்தமானது. இன்றைய எமது பாடநூல்களில் இவை நான்கும் நான்கு பாடங்களாகப் பிரிந்து கிடக்கின்றன.

பழமொழி என்றதும் நினைவுக்கு வருவது 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது. இதில் வருகின்ற அமீனா, கடனுக்காகப் பொருளைக் கையகப்படுத்த வரும் நீதிமன்றச் சேவகன். நம்பிக்கைக்குரியவர் எனப் பொருள்படும் 'அமீன்' என்ற அறபுச் சொல், ஆட்சிமொழியாகிய பாரசீகத்தின் வழியே வந்து, கடன்பட்டவனின் வாசலில் நிற்கும்போது இப்படியொரு பெயரை வாங்கிக்கொண்டது. மேடைப் பேச்சாளர்கள் கல்லாமை, பொறாமை, இயலாமை என்று ஆமைகளை அடுக்கி இதற்கு விளக்கம் சொல்வர். கைதட்டலுக்கு நல்லது. எனக்கென்னவோ, மெதுவாக நடக்கின்ற பிராணியின்மேல் மனிதன் சுமத்திய வீண்பழி என்றே படுகிறது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இதைச் சொல்லிச் சிரிப்பார்: "எங்கட வீட்டுக்கு ஆமையும் வரல்ல, அமீனாவும் வரல்ல தம்பி. நாங்கதான் வெளியே போனோம். அதுக்குப் பொறகுதான் ஆமை வந்திச்சு."

அந்தப் பேச்சுக்குப் பின்னர் வருகிறேன்.

நான் படித்தவற்றுள், எங்கள் ஆமையைக் கண்ணால் கண்டு எழுதிய ஆங்கிலேயர்களில் முக்கியமானவர் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர். இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், இந்த ஆமை புத்தளம், சிலாபம் பக்கத்தில் சாதாரணமாகக் காணப்படுவது என்றும், கரிய ஓட்டின்மேல் மஞ்சட் கதிர்கள் ஓடுவதாகவும் குறிப்பிடுகிறார். தமது தோட்டத்தில் ஒன்றை வளர்த்திருக்கிறார். அதன் கழுத்து மடிப்பில் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பிடுங்கியெடுத்துப் பார்த்து, ஆமை தலையை உள்ளிழுக்கும்போது நசுங்காதபடி அவற்றுக்கும் ஆமையோடு போலவே உறுதியான மூடி இருந்ததை வியந்து எழுதுகிறார். மேலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஆமையின் கழுத்து உண்ணிவரை குனிந்து பார்த்திருக்கிறாரே என்பதில் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை. அதே நூலில், கடலாமையின் இறைச்சியை அது உயிரோடிருக்கும்போதே யாழ்ப்பாணச் சந்தையில் துண்டு துண்டாக அரிந்து விற்றதையும், ஓடு கழற்றுவதற்காக உயிருடன் நெருப்பில் வாட்டியதையும் வேதனையோடு பதிந்திருக்கிறார்.

டெனன்டுக்கு முன்னர் வந்தவர்கள் எங்கள் கரையை எப்படிக் கண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1803இல் நூல் வெளியிட்ட றொபர்ட் பேர்சிவல் என்ற இராணுவ அதிகாரி, கொண்டச்சியைப் பாழ் மணல்வெளி என்றும் சில குடிசைகள் மட்டும் கிடப்பதாகவும் எழுதுகிறார். முத்துக்குளிப்புக் காலத்தில் அதே இடத்தில் பல்லாயிரம் பேர் கூடிப் பெரும் நகரம் போலாகி விடுவதையும் அவரே வர்ணிக்கிறார். முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்புக் கடற்கரையில் ஒரு மாளிகை கட்டினார். எங்கள் பக்கத்தில் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர்; கடல் அரித்து அரித்துச் சுவர்கள் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன. 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்ற அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர் லெனாட் வூல்ஃப், பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் பாரசீகக் குடாவிலிருந்து வந்த அறபுச் சுழியோடிகளைப் பற்றி மனந்திறந்து எழுதினார். 1907இற்குப் பின்னர் சிப்பி காணாமற் போனது. 1925இல் ஒரு தடவை குளித்தார்கள். அதோடு சரி.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பார்வை இருந்தது. முத்துக்காலம் என்றால் நகரம். முத்துக்காலம் முடிந்தால் வெறுமை. இரண்டுக்கும் இடையில், சேனை வெட்டியும் குளத்தடியில் நெல் விதைத்தும் மாடு வளர்த்தும் கரைவலை இழுத்தும் கிடந்த ஊர்கள் அவர்கள் கண்ணில் அதிகம் படவில்லை. குடிசைகளை எண்ணியவர் அவற்றுக்குள் இருந்தவர்களைக் கேட்கவில்லை. வெறுமை என்ற இந்தச் சொல் பின்னர் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது என்பதால்தான் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது ஆமையின் இருப்பிடத்தைப் பார்ப்போம். இலங்கையில் இயற்கையாக வாழும் தரையாமை இந்த ஓர் இனம் மட்டுமே. இந்தியாவின் வரண்ட பகுதிகளிலும் பாகிஸ்தானின் தென்கிழக்கிலும் இதே இனம் உண்டு. இது உலர்வலயத்து உயிர். அடர்ந்து இருண்ட காட்டின் நடுவில் இதற்கு வேலையில்லை. புல் வேண்டும், வெயில் வேண்டும், வெயில் ஏறியதும் ஒதுங்க ஒரு முட்பற்றை வேண்டும். கடற்கரை மணல் மேட்டுக்குப் பின்னால் உடை மரமும் சூரையும் காரையும் நாகதாளியும் கலந்து கிடக்கும் நிலம், மாடு மேய்ந்த வெளி, கைவிட்ட சேனை, தோட்ட வேலியோரம் ஆகியன இதற்குத் தோதான இடங்கள். வாரிகாலம் தொடங்கினால் வெளியே நடமாடும். கோடை முற்றினால் சருகுக்குள் புதைந்து நாட்கணக்காக அசையாது கிடக்கும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல், விழுந்த பழங்கள், பூக்கள் முதலியன உணவு. பெண் ஆமை ஆணைவிடப் பெரியது. பின்காலால் குழி தோண்டிச் சில முட்டைகளே இடும்.

ஓட்டின் அமைப்பைப் பற்றி ஒரு புதினம். அதன் குவிந்த வடிவம் கணிதவியலாளரையும் யோசிக்க வைத்திருக்கிறது. ஹங்கேரி நாட்டின் டொமொகொஷ், வார்க்கொன்யி என்னும் இருவர், எப்படிப் போட்டாலும் தானாக நிமிர்ந்துவிடும் ஒரு திண்ம வடிவத்தை 2006இல் உருவாக்கினார்கள். பின்னர் ஆமைகளை அளந்து பார்த்தபோது அவ்வடிவத்துக்கு மிக அண்மையில் நிற்பது நட்சத்திர ஆமையின் ஓடு எனக் கண்டார்கள். மல்லாந்து விழுந்தால் எழும்புவதற்கு அது காலையும் கழுத்தையும் பெரிதாக நம்பவேண்டியதில்லை. அதன்மேலுள்ள மஞ்சட் கதிர்களும் அழகுக்காக வந்தவையல்ல. காய்ந்த புல்லின் நிழலில் கிடக்கும்போது கதிரும் புல்லும் ஒன்றாகி ஆமையின் உருவமே கண்ணுக்குப் பிடிபடாது.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நாட்களைப் பற்றி இவ்விதழ் போன்ற சஞ்சிகைகளில் கவிதையாகவும் கதையாகவும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் புதிதாகக் கூட்டுவதற்கில்லை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே படித்து, ஆசிரியர் கலாசாலைக்குப் போய்ப் பயிற்சி முடித்து, முதல் நியமனமும் புத்தளத்திலேயே பெற்றேன். 2007 செப்டெம்பரில் சிலாவத்துறைப் பகுதி இராணுவத்தின் வசமானது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அதன்பின் எமது மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். 2012இல் நானும் இடமாற்றம் பெற்று வாப்பாவின் ஊருக்கு வந்தேன்.

வந்து பார்த்தபோது ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. கிணற்றுக்கட்டுகளைக் கொண்டே வளவுகளை அடையாளம் கண்டார்கள். வீட்டு அத்திவாரத்தைப் பிளந்துகொண்டு வேம்பும் உடையும் எழுந்திருந்தன. இருபது வருடம் ஒரு மரத்துக்குக் குறைந்த காலமல்ல. துப்புரவு செய்யத் தொடங்கியவர்கள் பாம்புக்கு அடுத்தபடியாக அதிகம் கண்டது ஆமையைத்தான். இடிந்த சுவரின் நிழலில், பழைய குசினி மூலையில், கிணற்றடி ஈரத்தில் என்று கிடந்தன. மேலே சொன்ன பெரியவரின் பேச்சு அப்போது பிறந்ததுதான்.

எனக்கு அது எதிர்ப்பட்டது 2014 டிசம்பரில். பத்தாம் தர மாணவர்கள் பன்னிரண்டு பேரை ஊர் வரலாற்றுச் செயற்றிட்டத்துக்காகக் கடற்கரைப் பக்கம் கூட்டிச் சென்றிருந்தேன். பழைய வாடிகளின் தடயங்கள், சிப்பி மேடுகள் ஏதும் தென்படுகின்றனவா என்று பார்ப்பது நோக்கம். முதல்நாள் இரவு நல்ல மழை. அடம்பன் கொடி படர்ந்த மணல் மேட்டைத் தாண்டி, இராவணன் மீசை காலைக் குத்தக் குத்த நாங்கள் உள்ளே வந்தபோது முன்னே போன ஒரு பெண்பிள்ளை, "சேர், இதுக்குக் காயம்... வாயெல்லாம் ரெத்தம்" என்று கத்தினாள்.

நாகதாளிப் பற்றையின் அடியில் ஓர் ஆமை. ஓடு ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வாயும் தாடையும் முன்கால் செதிலும் ஊதாச் சிவப்பாக இருந்தன. பக்கத்திலேயே கடித்த நாகதாளிப் பழம் கிடந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அது எங்களைக் கண்டும் உடனே தலையை இழுக்கவில்லை. ஒரு கடி கடித்தது, மென்றது, எங்களைப் பார்த்தது. நெருங்கியபோதுதான் 'உஸ்' என்று காற்றை வெளிவிட்டபடி உள்ளே போனது.

நாகதாளி எங்கள் மண்ணுக்குரிய செடியன்று. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் காலத்தில் கடல்தாண்டி வந்தது. வந்தேறியென்று ஆமை அதனை ஒதுக்கவில்லை. இதை அவ்விடத்தில் மாணவர்களுக்குச் சொன்னேன். மிளகாயும் அப்படி வந்ததுதானே சேர் என்றான் ஒருவன். சரியான கேள்வி.

தூக்க வேண்டாமென்று சொல்லியிருந்தேன். பயந்தால் இது உள்ளே சேமித்து வைத்திருக்கும் நீரைப் பெய்துவிடும். வரண்ட நிலத்தில் அந்த நீர் அதற்கு உயிர். ஆகையால் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தோம். அப்போதுதான் ஒரு மாணவன் ஓட்டின் பின்விளிம்பைக் காட்டினான். வாலுக்கு மேலாக, விளிம்புத் தகட்டில், சுண்டுவிரல் நுனி போகக்கூடிய ஓர் ஓட்டை. வட்டமானது. நாயோ நரியோ கடித்த உடைவு அப்படியிராது. கம்பியைச் சுடவைத்துத் துளைத்த ஓட்டை. அதன் ஓரங்கள் தேய்ந்து வழுவழுப்பாகி, ஓட்டின் மற்றப் பகுதியின் நிறத்துக்கே வந்திருந்தன.

அன்று பின்னேரம் ஊரின் மூத்த பெண்மணி ஒருவரிடம் போய் விசாரித்தேன். நாங்கள் உம்மம்மா என்றே அழைப்போம். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஓமோம், கட்டி வச்சிருப்பாங்க மகன். வாரிகாலத்துல மாடு சாய்க்கப் போற பொடியன்மார் புடிச்சிட்டு வருவானுகள். ஓட்டுல ஓட்டை போட்டுக் கயித்தால குடத்தடியில கட்டி விட்டா அது பாட்டுக்குக் கிடக்கும். பூசணித் தோல், பழந்தோல் போட்டாத் தின்னும். கோடை வந்தா அவுத்து விட்டிருவோம், இல்லாட்டி அதுவே அறுத்துக்கிட்டுப் போயிரும்." பிறகு சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நாங்க போனண்டைக்கு மாட்டை அவுத்து விட்டோம். ஆட்டை அவுத்து விட்டோம். ஆமையை ஆரு அவுத்தாங்களோ" என்றார்.

இந்த ஓட்டைக்கு நான் அளவுக்கு மீறிய பொருள் கற்பிக்க விரும்பவில்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் யாரேனும் துளைத்திருக்கவும் கூடும். ஆனால் புதுத் துளையின் ஓரம் மூன்று நான்கு வருடங்களில் அவ்வாறு தேயுமா என்பது எனக்கு ஐயமாகவே உள்ளது. இவ்வினம் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. 1990இற்கு முன்னர் ஒரு குடத்தடியில் கட்டுண்டு கிடந்த ஆமை, கட்டியவர்கள் போன பின்பும் இருபத்துநான்கு வருடம் இந்தப் பற்றைகளுக்குள் மேய்ந்து திரிந்திருப்பது நடக்காத காரியமன்று. வளவு உறுதிகளும் பள்ளிவாசல் பதிவேடுகளும் அழிந்துபோன ஓர் ஊரைப் பொறுத்தவரை, இதுவும் ஒருவகை ஆவணம்.

ஆவணம் என்று நான் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. 2012 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானி ஒன்றின் மூலம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களைச் சார்ந்த காடுகள் ஒதுக்குக் காடாக்கப்பட்டன. வில்பத்து அழிக்கப்படுகிறது என்ற குரல் தெற்கில் எழுந்தது. 2017 மார்ச்சில் 40,000 ஹெக்டெயருக்கு மேற்பட்ட நிலம் 'மாவில்லு பேணற்காடு' எனப் பிரகடனமாயிற்று. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வில்பத்துவுக்கு வடக்கே மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவர் தமது செலவில் மரம் நாட்டவேண்டுமென உத்தரவிட்டது. எங்கள் வளவு இந்த எல்லைகளுக்குள் வரவில்லை. ஆகவே சொந்த வழக்கொன்றை இங்கே நடத்தவில்லை. ஆனால் அந்த வருடங்களில் எழுதப்பட்டவற்றைப் படித்தபோது பேர்சிவலின் பாழ் மணல்வெளி நினைவுக்கு வந்தது. அவர் கண்டது ஆளில்லா மணல். இவர்கள் கண்டது ஆளில்லாக் கன்னிக்காடு. இரண்டிலும் ஆளில்லை.

இந்த விவாதத்தில் ஆமையும் சாட்சிக்கு இழுக்கப்பட்டது. அரிய உயிரினங்கள் வாழும் இடம், ஆகவே அது காடு என்று ஒரு சாரார். எங்கள் தரப்பிலோ, மனிதன் குடியிருக்க இடமில்லை, உங்களுக்கு ஆமையா பெரிது என்று மேடையில் முழங்கியோர் உண்டு. இரண்டு பேச்சுமே எனக்கு உடன்பாடானவையல்ல. நட்சத்திர ஆமை நிற்கின்ற இடம் கன்னிக்காடு என்பதற்குச் சான்றாகாது. மேய்ச்சலும் சேனையும் வேலியும் உள்ள ஊரின் ஓரம்தான் அதற்கு உவப்பு என்பதை மேலே சொன்னேன். அதேவேளை அந்த ஓரத்தை டோசர் போட்டு வேரோடு வழித்துவிட்டால், காட்டுக்குள் போய் அது வாழ்ந்துகொள்ளும் என்று எங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளவும் முடியாது. பழைய ஊர் பற்றையையும் வைத்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் சூரைப்பற்றை கிடப்பது வாப்பாமார் காலத்தில் சோம்பலின் அடையாளமாகக் கருதப்படவில்லை; விறகுக்கும் வேலிக்கும் இலந்தைப் பழத்துக்கும் அதுதான் இடம். இப்போது வளவின் மூலைமுடுக்கெல்லாம் வெட்டி வெளியாக்குகிறார்கள். வெட்டாவிட்டால் காடு என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆமைக்கு வந்த கேட்டின் ஒரு பகுதி அந்த அச்சத்திலிருந்து வருகிறது என்பதையும் மறைக்கமாட்டேன்.

மறுபகுதி கடத்தல். ஓடும் இறைச்சியும் விலைபோகாததால் தப்பிய பிராணி, இப்போது அதன் அழகுக்காகப் பிடிபடுகிறது. கிழக்காசிய நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்ப்பதற்குப் பெருங் கிராக்கி. இந்தியாவில் ஒரேயொரு வட்டாரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. எமது சட்டத்தில் இது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஆயினும் பயணப் பைகளுக்குள் துணியில் சுற்றப்பட்ட ஆமைகள் பிடிபட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டேயிருக்கின்றன.

இலங்கையும் இந்தியாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து இவ்வினத்தின் சர்வதேச வணிகத்தை முற்றாகத் தடைசெய்யும்படி பிரேரணை கொண்டுவந்தன. அதனை எடுத்துக்கொள்ளவிருந்த மாநாடு 2019 மே மாத இறுதியில் கொழும்பில் நடப்பதாக இருந்தது. அவ்வருடம் ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்தக் கொடுமையைச் செய்தவர்களின் பெயரைக் கேட்டபோது எங்கள் சமூகம் குனிந்த தலையை நிமிர்த்த வெகுகாலம் எடுத்தது. மாநாடு கொழும்பிலிருந்து ஜெனீவாவுக்கு மாறியது. ஆகஸ்டில் அங்கே பிரேரணை நிறைவேறி, 2019 நவம்பர் 26 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. எங்கள் கரையின் ஆமைக்கு அதன் சொந்த நாட்டுத் தலைநகரில் கிடைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இப்படித்தான் வெளிநாட்டில் கிடைத்தது. அந்த மாதங்களில் பாடசாலையில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு விடைசொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. ஆமைச் செய்தி ஒன்றுதான் முகம்கொடுத்துப் பேசக்கூடியதாக இருந்தது.

எங்கள் பாடசாலையில் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஆமையைக் காணும் பிள்ளைகள் திகதி, நேரம், மழையா வெயிலா, என்ன தின்றது, உயிருடனா என்று அதில் எழுதுவார்கள். இடத்தின் பெயரை எழுதவேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். கொப்பி யார் கையில் போகும் என்று தெரியாது. அதே காரணத்தால் நாங்கள் நாகதாளியடியில் அதனைக் கண்ட இடத்தையும் இங்கே குறிப்பிடவில்லை. கொப்பியில் கடைசி நிரல் 'ஓட்டை உண்டா?' என்பது. மன்னார் வீதியில் வாகனத்தில் நசுங்கிக் கிடந்தவையே பதிவுகளில் அதிகம். ஓட்டையுள்ளவை இதுவரை மூன்று. மூன்றும் பெரிய ஆமைகள். மூன்றிலும் பின்விளிம்பில், வாலுக்கு மேலாகத்தான் ஓட்டை.